ரெண்டு மோட்டார், நாலு வால்வு

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆவடி மார்க்கெட்டில் காதர் பாய் கறிக்கடை. நல்ல கூட்டம். என் முறை வந்ததும் சொன்னேன்.

"பாய், ஆட்டு இருதயம் ஒண்ணு வேணும்."

"ஒண்ணு போதுமா? ஈரலும் சேத்து வாங்கிக்கோ முனுசாமி. வறுத்தா ரெண்டும் தோஸ்து."

"வறுக்கறதுக்கு இல்ல. கத்தி படக் கூடாது. மேல இருக்கற குழாய்ங்களும் அப்டியே வேணும்."

பாய் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கையில் இருந்த இருதயத்தைக் கத்தியால் ஒரு கீறு கீறிவிட்டார்.

கறிக்கடைப் பழக்கம் அது. இருதயத்தை எடுத்ததும் கீறி, உள்ளே உறைந்த ரத்தத்தை விரலால் வழித்துப் போட்டுவிட்டுத்தான் தராசில் வைப்பார்கள். இருபது வருஷக் கை. வாய் ஒரு பக்கம் பேசும், கை தன் வேலையை முடித்துவிடும்.

"அட அல்லா. இரு, வேற தரேன்." அடுத்த ஆட்டுக்கு, கத்தியைக் கீழே வைத்துவிட்டே கையை விட்டார். இருதயம் நுரையீரலோடு சேர்ந்து வந்தது. "இதுவும் ஒட்டிகினு வருதே?"

"அதுவும் குடு."

பின்னால் நின்ற ஒரு அம்மா, "இன்னா, யாருக்கு சூனியம் வெக்கப் போற?" என்று கேட்டாள். கடையே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. வியாழக்கிழமைக்குள் என் பெண்சாதிக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் அந்த இலைப் பொட்டலத்துக்குள் இருந்தது.

வேலை

இந்தத் தொடரின் முன் வாரங்களைப் படிக்காதவர்களுக்கு ரெண்டு வரி. நான் ஆவடி குவார்ட்டர்ஸில் பம்ப் ஆபரேட்டர். படிப்பு அஞ்சாவது. காலை அஞ்சரைக்கு மோட்டார் போடுவேன். வால்வு திறப்பேன். எந்த பிளாக்குக்கு எப்போது தண்ணீர் என்பது என் கையில்.

குவார்ட்டர்ஸில் மதுரைக்காரர் இருப்பார், கோயமுத்தூர்க்காரர் இருப்பார், திருநெல்வேலிக்காரர் இருப்பார். ஒவ்வொருவர் பேச்சு ஒரு மாதிரி. தண்ணீர் வராத அன்றைக்கு மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி திட்டுவார்கள். நான் பதில் பேசமாட்டேன். மோட்டார் சத்தத்தில் வேலை செய்கிறவனுக்குப் பேச்சு குறைந்துவிடும்.

பெண்சாதி பெயர் பச்சையம்மா. திருமழிசைப் பக்கம். அவள் அப்பா அம்மா கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவளும் சின்ன வயசில் சேற்றில் நின்றவள்தான். அவள் தம்பி ஏழுமலை, திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லோடு ஏற்றுகிற வேலை.

நான் சொல்லப்போவது எண்பதுகளின் கடைசி. குவார்ட்டர்ஸில் பாதி வீட்டுக்கு டிவி வந்திருந்த சமயம்.

பூனை

ஒரு விஷயம் சொல்ல வெட்கம். ஆனால் சொல்லாமல் கதை நகராது.

கல்யாணம் ஆன புதிதில் பச்சையம்மா நெஞ்சில் கை வைத்தால், இடது பக்கம், உள்ளங்கையில் ஒரு உறுமல் தெரியும். பூனையை மடியில் வைத்துக்கொண்டால் உறுமுமே, அது மாதிரி. சத்தம் இருக்காது. கைக்குத்தான் தெரியும்.

பொம்பளைங்க நெஞ்சு இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். வேறு யாரிடம் கேட்பது? எனக்கு அந்த உறுமல் பிடித்திருந்தது. ஏழெட்டு வருஷம் அதை நல்லது என்றே நினைத்தேன்.

நான் செய்த வைத்தியம்

ஒரு கோடையில் அவள் சோர்ந்து போனாள். ஒரு குடம் தூக்கினால் உட்கார்ந்துவிடுவாள். நெஞ்சு படபடவென்று அடிக்கும். கை மட்டும் சில்லென்று இருக்கும்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அப்படி நினைத்ததுதான் கெட்டது.

மோட்டார் வேகமாக ஓடும், சத்தம் பெரிதாக வரும், குழாயில் மட்டும் தண்ணீர் ஏறாது. பம்ப் ஹவுஸில் இது தினப்படி சங்கதி. உள்ளே காற்று பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். வைத்தியம் ஒன்றுதான். பம்ப் தலையில் இருக்கிற கப்பைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். நிரம்ப ஊற்றினால் பம்ப் பிடித்துக்கொள்ளும்.

ஊற்றினேன். காலையில் ரெண்டு சொம்பு, மத்தியானம் ரெண்டு சொம்பு. நடுவில் உப்பு போட்ட மோர், கஞ்சி. "போதும்யா" என்பாள். "குடி" என்பேன். குடிப்பாள்.

கால் வீங்கியது. பிறகு வயிறு. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். நான் இன்னும் ரெண்டு சொம்பு சேர்த்தேன்.

ஒரு நாள் விடிகாலையில் மூச்சு இழுக்க முடியவில்லை. உதடு நீலம். பக்கத்து பிளாக் அண்ணாத்தே ஆட்டோ பிடித்தார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு நீர் பிரித்தார்கள். மூன்று நாளில் கால் வற்றியது.

வார்டில் ஒரு டாக்டரம்மா. வயசு குறைவு, நடை வேகம். கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிச்சீங்க?"

பச்சையம்மா சொன்னாள்.

"இவ்ளோவா? யாரு குடுத்தது?"

நான் கட்டில் ஓரம் நின்றேன்.

"நானேதான் குடிச்சேன் டாக்டரம்மா. தாகம்" என்றாள் பச்சையம்மா.

வால்வா?

டாக்டரம்மா சின்ன வயசைப் பற்றிக் கேட்டார். ஜுரம் வந்து முட்டி வீங்கியதா? வந்தது, ரெண்டு தடவை. அந்த ஜுரம் முட்டியை விட்டுவிடும், இருதயத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றார். "உள்ள, இடது பக்கம், ரெண்டு அறைக்கு நடுவுல ஒரு வால்வு ஓரம் ஓரமா ஒட்டிப்போச்சு. சரியா திறக்கல. விரல் விட்டுப் பிரிக்கணும்."

"வால்வா?" என்றேன். வார்டுக்கு வந்து நான் பேசிய முதல் வார்த்தை அது.

"ஆமாங்க, வால்வு. ஒரு பக்கம் மட்டும் திறக்கும்."

பன்னிரண்டு வருஷமாக வால்வோடு குடித்தனம் பண்ணுகிறேன். என் உள்ளேயே ஒன்று இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. மேலே கேட்பதற்குள் அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு இன்னொன்றும் பார்த்தேன். நர்ஸம்மா ரத்தம் எடுக்கப் பச்சையம்மா கையில் ரப்பர் பட்டை கட்டினார். பட்டைக்குக் கீழே, விரல் பக்கம் நரம்பு புடைத்தது. இது என்ன கணக்கு? மோட்டார் நெஞ்சில் இருக்கிறது. நடுவில் அடைத்தால் மோட்டார் பக்கம்தானே புடைக்க வேண்டும்? யாரிடமும் கேட்கவில்லை. மனசில் முள் மாதிரி கிடந்தது.

அவள் போட்ட கண்டிஷன்

ஆபரேஷன் வியாழக்கிழமை லிஸ்ட் என்றார்கள். கைநாட்டு வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆள் காத்திருக்கிறார்.

ஏழுமலை முதலில் குதித்தான். "வாணாம்க்கா. நெஞ்ச தொறந்தா ரத்தம் பூரா பூடும். மாமா, நீ இன்னா மரமாட்டம் நிக்கற? சொல்லு!"

பச்சையம்மா அவனைக் கையால் அமர்த்தினாள். என்னைப் பார்த்தாள்.

"ஓடற ரத்தத்துக்குள்ள விரல உடுவாங்களாம். எனக்கு ஒண்ணும் புரியல. அவங்க சொல்றதுல பாதி இங்கிலீஷு. இந்தாய்யா, நீ போய் பாரு. உள்ள இன்னா கீது, எப்டி கீதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு. நீ சொன்னா கைநாட்டு வெக்கறேன். இல்ல, ஊட்டுக்குப் பூடலாம்."

"ஊட்டுக்குப் போனா?" என்றேன்.

"போனா போறேன்."

டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டேன். "ரொம்ப நாள் தாங்காதுங்க" என்றார்.

நான் போய்ப் பார்க்க வேண்டும். மனுஷ நெஞ்சை யார் காட்டுவார்கள்? அதனால்தான் காதர் பாய்.

எனாமல் தட்டு

பம்ப் ஹவுஸ். ஒன்பது மணிக்கு மோட்டாரை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினேன். எனாமல் தட்டு, கால் இஞ்சு ரப்பர் குழாய், புனல், சணல் நூல். உறைந்த ரத்தத்தைத் தண்ணீர் விட்டு அலசினேன்.

ஒரு கைப்பிடிதான். கெட்டியாக இருந்தது. மேலே ரெண்டு தடித்த வெள்ளைக் குழாய். பக்கத்தில் மெல்லிய பைகள். பைக்கு ஆளுக்கு ஒரு காது மாதிரி மடிப்பு.

நுரையீரலில் இருந்து இடது பக்கத்துப் பைக்கு வருகிற குழாயில் ரப்பரைச் சொருகிக் கட்டினேன். புனலில் தண்ணீர் ஊற்றினேன். மேல் பை நிரம்பியது. கீழ் அறைக்கு இறங்கியது. கையால் ஒரு அமுக்கு அமுக்கினேன்.

தண்ணீர் தடித்த வெள்ளைக் குழாயில் பீச்சி அடித்து எதிர்ச் சுவரில் விழுந்தது. புனலில் ஒரு சொட்டு ஏறவில்லை.

"டேய்!" என்று கத்திவிட்டேன். யாரைச் சொன்னேன் என்று தெரியாது.

அதே வெள்ளைக் குழாயில் திருப்பி ஊற்றிப் பார்த்தேன். இறங்கவில்லை. விளிம்பு வரை நின்றது. எட்டிப் பார்த்தால் உள்ளே மூன்று சின்னப் பைகள் ஒன்றோடு ஒன்று முட்டி மூடிக்கொண்டிருக்கின்றன. ரிட்டன் வால்வு! போன தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு, தோலில் செய்தது! நான் மாட்டுகிற பித்தளை வால்வு கூட இவ்வளவு சுத்தமாகப் பிடிக்காது.

வலது பக்கம் ஊற்றினேன். இடது பக்கம் வரவில்லை. நடுவில் முழுச் சுவர். வலது பக்கத்துத் தண்ணீர் இன்னொரு குழாயில் போய் நுரையீரலில் இறங்கியது.

அப்போ ஒரு மோட்டார் இல்லை. ரெண்டு. முதுகோடு முதுகு ஒட்டி வைத்த ரெண்டு மோட்டார். ஒவ்வொன்றுக்கும் உள்ளே வர ஒரு வால்வு, வெளியே போக ஒரு வால்வு. மொத்தம் நாலு.

பிறகுதான் கத்தி எடுத்தேன். வலது சுவர் மெல்லிசு. இடது சுவர் விரல் தடிமன். ஏன் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம். ஒன்று பக்கத்திலேயே இருக்கிற நுரையீரலுக்கு அனுப்புகிறது. இன்னொன்று கால் கட்டைவிரல் வரைக்கும், தலை உச்சி வரைக்கும் அனுப்புகிறது. பக்கத்துத் தொட்டிக்குச் சின்ன மோட்டார். மேல்மாடி டேங்குக்குப் பெரிய மோட்டார்.

இடது பக்கத்து உள் வால்வைப் பார்த்தேன். பச்சையம்மாவுக்கு ஒட்டிப்போனது இதுதான். ரெண்டு மெல்லிய இதழ். இதழ் ஓரத்தில் எல்லாம் வெள்ளை நூல் கட்டி, கீழே சதையில் முடிந்திருந்தது. மூடும்போது இதழ் மேல் பக்கம் திரும்பிவிடாமல் இருக்க நூல். நூல் கட்டிய வால்வை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எவன் ஃபிட் பண்ணினானோ, அவன் கைக்கு ஒரு கும்பிடு.

சாக்பீஸ் கணக்கு

அதுவரை நான் நினைத்தது வேறு. சாப்பிடுகிறோம், ரத்தம் ஊறுகிறது. இருதயம் தள்ளுகிறது, கை கால் குடித்துக்கொள்கிறது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி. போனது போனதுதான்.

ஒரு அமுக்கில் எவ்வளவு வருகிறது என்று டம்ளரில் பிடித்தேன். மனுஷ இருதயம் கொஞ்சம் பெரிசு. அரை டம்ளர் என்று வைத்தேன். என் நாடியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். நிமிஷத்துக்கு எழுபது சில்லறை.

சுவரில் சாக்பீஸால் போட்டேன். நிமிஷத்துக்கு ஒரு சின்ன பக்கெட். மணிக்கு ஒன்றரை டிரம். ஒரு நாளைக்கு ஒரு தண்ணி லாரி!

தினம் ஒரு லாரி ரத்தம் ஊற நான் என்ன சாப்பிடுகிறேன்? ரெண்டு வேளை சோறு, ஒரு வேளை களி. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

புதுத் தண்ணீர் இல்லை. அதே தண்ணீர். போனதே திரும்பி வருகிறது. பம்ப்பை டெஸ்ட் பண்ணும்போது, டெலிவரியைத் தொட்டியிலேயே திருப்பி விடுவோம். அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். அதுதான் இது. வலது மோட்டார் நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே காற்றை ஏற்றிக்கொண்டு இடது மோட்டாருக்கு வருகிறது. அது உடம்பு முழுக்க அனுப்புகிறது. உடம்பு சுற்றி மறுபடி வலது.

முள்ளும் அப்போதுதான் விட்டது. பட்டைக்குக் கீழே ஏன் புடைத்தது? அந்த நரம்பு போகிற குழாய் இல்லை. வருகிற குழாய்! விரலில் இருந்து நெஞ்சுக்குத் திரும்புகிறது. பொட்டலம் கட்டும்போது பாய் சொன்னதும் ஞாபகம் வந்தது: "அறுக்கச்சொல்ல ஒரு குழாய்ல பளிச்சுனு பீச்சும், இன்னொண்ணுல கறுப்பா சும்மா வழியும். ஏன்னு நான் கேட்டதில்ல."

நான் தனியாகச் சிரித்தேன். குதித்தேன் என்று கூடச் சொல்லலாம்.

பிறகு நின்றுவிட்டேன். இடது வாசல் ஒட்டிப்போனால் என்ன ஆகும்? நுரையீரலில் இருந்து வருவது உள்ளே நுழைய முடியாது. பின்னால் தேங்கும். நுரையீரல் ஊறும். அதற்கும் பின்னால் வயிறு, கால். வால்வை முக்கால்வாசி மூடிவிட்டால் தொட்டி வழிகிற மாதிரி. அப்படி மூடின வால்வைத் தொட்டால் கைக்கு உறுமும்; நான் பூனை என்று நினைத்ததும் அதுதான்.

வழிகிற தொட்டியில்தான் நான் சொம்பு சொம்பாக ஊற்றியிருக்கிறேன்.

தட்டைக் கழுவி வைக்க ரொம்ப நேரம் ஆனது.

ஏழுமலையின் கை

திங்கள் சாயங்காலம், பார்வையாளர் நேரம். ஏழுமலையும் வந்திருந்தான்.

"மச்சான், கைய குடு."

"எதுக்கு?"

"குடுடா."

லோடு ஏற்றுகிறவன் கை. கயிறு மாதிரி நரம்பு. முஷ்டி மடக்கச் சொன்னேன். மணிக்கட்டுக்கு மேலே ஒரு நரம்பை ஒரு விரலால் அமுக்கினேன். இன்னொரு விரலால் முழங்கை பக்கம் வழித்தேன். நரம்பு வற்றிப் படுத்தது. மேல் விரலை எடுத்தேன்.

"பாரு. மேல இருந்து வருதா?"

வரவில்லை. நடுவில் ஒரு முடிச்சு வரை ரத்தம் நின்றது, அதற்குக் கீழே இறங்கவில்லை.

"ரிட்டன் வால்வு" என்றேன். கீழ் விரலை எடுத்தேன். மணிக்கட்டுப் பக்கமிருந்து சடாரென்று நிரம்பியது.

"யப்பா! இன்னா மாமா இது, கையில பாம்பு ஓடறமாட்டம் ஓடுது!" என்றான் ஏழுமலை. "இன்னொரு தபா பண்ணு."

பக்கத்துக் கட்டில் அம்மா தன் கையில் அமுக்கினாள். எதிர்க் கட்டிலும் அமுக்கியது. கொஞ்ச நேரத்தில் வார்டே கையை நீட்டி வழித்துக்கொண்டிருந்தது. நீங்களும் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள்.

அன்றைக்கு நான் பேசியதுதான் என் ஆயுசில் அதிகம். ரெண்டு மோட்டார், நாலு வால்வு, தண்ணி லாரி, நூல் கட்டிய இதழ், எல்லாம் சொன்னேன். இதழ் ஓரம் ஒட்டியிருக்கிறது, விரல் விட்டால் பிரியும், பிரிந்தால் தேங்கினது நகரும்.

"விரல் எது வழியா உடுவாங்க?" என்றாள் பச்சையம்மா.

"மேல் பைல ஒரு காது கீது. பம்ப்பு தலைல தண்ணி ஊத்தற கப்பு மாதிரி. அது வழியா. விரலச் சுத்தி இறுக்கிக் கட்டிடுவாங்களாம். டாக்டரம்மாவ கேட்டுட்டேன்."

"மோட்டார் ஓடிகினு இருக்கச்சொல்லவா?"

"ஒழுவுற பம்ப்ப நான் எப்ப டைட்டு பண்ணுவேன்? நிறுத்திட்டா?"

யோசித்தாள். சோறு கொண்டுவரும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். "ஓடச்சொல்லதான்."

"அதான்."

பிறகு நான் சொன்னேன். "தண்ணி ஊத்துனது தப்பு. அதாலதான் உனுக்கு முத்திப்போச்சு."

"தெரியும். டாக்டரம்மா மூஞ்சிலயே தெரிஞ்சுது. அதுக்குத்தான் நாலு நாளா எங்கூட பேசாம இருந்தியா?"

"நான் எப்ப பேசனேன்?"

சிரித்தாள். மூச்சு வாங்கியது. வாங்கிக்கொண்டே சொன்னாள். "எங்க வெக்கணும் கைநாட்டு?"

அதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார். "டைம் முடிஞ்சாச்சு. எல்லாரும் கெளம்புங்க." போகும்போது கதவருகில் நின்று, தன் முழங்கைக்குக் கீழே விரலால் ஒரு வழி வழித்துப் பார்த்துக்கொண்டு போனார். நான் பார்த்தேன்.

வியாழன்

காலையில் தண்ணீர் விட்டேன். எல்லா பிளாக்குக்கும் பத்து நிமிஷம் கூடவே விட்டேன். பிறகு ஆவடியில் ரயில் ஏறினேன்.

வராந்தாவில் ஏழுமலை பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் தன் கை நரம்பையே வழித்துக்கொண்டிருந்தான். மத்தியானம் கதவு திறந்தது. டாக்டரம்மா தூரத்தில் இருந்தே ரெண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"முதல்ல விரல் நுனி கூட நுழையலையாம். இப்போ ரெண்டு விரல் போகுது."

ஏழுமலை என்னைக் கட்டிக்கொண்டான். நான் அந்த ரெண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொம்பு

தையல் ஆறி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலை. மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தேன். அவள் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, தழும்புக்குத் தள்ளி, பழைய இடத்தில் உள்ளங்கையை வைத்தேன்.

டப். டப். டப்.

பூனை இல்லை. தேடினேன். இல்லை.

"இன்னா, ஓடுதா?" என்றாள்.

"ஓடுது."

"தண்ணி குடு."

ஆஸ்பத்திரியில் சேர்ந்தது முதல் அவளுக்குத் தண்ணீர் அளந்துதான். அரை டம்ளர் எடுத்து வந்து நீட்டினேன். வாங்கவில்லை.

"சொம்புல குடு."

நான் நகரவில்லை.

"டாக்டரம்மாவ கேட்டாச்சுய்யா. தாகத்துக்குக் குடிக்கலாமாம். ரொப்பு."

ரொப்பினேன். அவள் எழுந்து நின்று வாங்கினாள். அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தாள். சொம்பைக் கீழே வைத்தாள்.

பார்த்துக்கொண்டே நின்றேன். மூச்சு வாங்கவில்லை.